அஞ்செட்டி வண்டியில் ஓர் இருமல்

"சளி, சளி! படுதா முச்சப்பா!" என்று பின் ஸீட்டிலிருந்து ஒரு கன்னடக்காரர் கத்துகிறார். வெளியே ஓசூர்ப் பனி ரோட்டை மூடிக்கொண்டு கிடக்கிறது. கண்டக்டர் ஐசக் காதில் வாங்கிக்கொள்ளாமல், இரண்டாவது வரிசையில் இருமிக்கொண்டிருக்கும் பெரியவருக்குப் பக்கத்துப் படுதாவைச் சுருட்டி மேலே கட்டுகிறார். கன்னடத்தில் சளி என்றால் குளிர்; முச்சு என்றால் மூடு. முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் ஐசக் திரும்பிப் பார்க்கிறார். "சளிக்காகத்தான் தெறக்கறேன் ஸ்வாமி. உங்க சளி வெயில் வந்தாப் போயிடும். இவரு சளி உங்க நெஞ்சுக்குள்ள பூந்துச்சுன்னா ஒன்றரை வருசம் ஊசியும் மாத்திரையும்." இருமுகிற பெரியவருக்கு முகம் சுருங்குகிறது. "உன்னச் சொல்லல தாத்தா. பொதுவாச் சொல்றேன்" என்று அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஸீட்டுக்கு நகர்கிறார்.

ஓசூரிலிருந்து கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் போகிற தனியார் பஸ் அது. ஐசக்குக்கு நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். ஆணியில் மாட்டிய சட்டைபோலக் காக்கி உடுப்பு அவர் தோளில் தொங்கும். மழையோ மார்கழியோ, அவர் வண்டியில் படுதாக்கள் முழுசாக இறங்கி யாரும் பார்த்ததில்லை. "அம்பது பேரு விட்ட மூச்சையே அம்பது பேரும் இழுத்துக்கிட்டுப் போனா என்னாத்துக்கு ஆவறது? காத்து வந்து போவணும்" என்பார். ஜனங்கள் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு திட்டுவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அவரால் டிக்கெட் கொடுக்க முடியும். மூன்றிலும் வசவு வாங்கவும் பழகியிருந்தார்.

மற்ற கண்டக்டர்கள் நாக்கில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழிப்பார்கள். ஐசக்கின் பையில் ஒரு தகர மூடியில் ஈரப் பஞ்சு இருக்கும். அதில்தான் விரல் படும். "என் எச்சிய நீ எதுக்குப்பா வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போற?" வெற்றிலைக்காரர்களிடம் இன்னும் கண்டிப்பு. பஸ்ஸுக்குள் துப்பினால் காட்டு ரோடு என்றும் பார்க்காமல் இறக்கிவிட்டுவிடுவேன் என்பார். இறக்கிவிட்டதில்லை. ஆனால் துப்பியவர் கையில் சாம்பலைக் கொடுத்துத் துடைக்கச் சொல்வார். ஒரு கிராம முன்சீப்பும் அப்படித் துடைத்திருக்கிறார்.

டிரைவர் தலைக்கு மேலே சிவப்புக் குறி போட்ட முதலுதவிப் பெட்டி ஒன்று உண்டு. ஐசக் வேலைக்குச் சேர்ந்தபோது அதற்குள் இருந்தது ஒரு ஸ்பேனரும் பாதிப் பீடிக்கட்டும். இப்போது அதில் டிஞ்சர், பஞ்சு, ஒரு சோப்பு, அவர் மனைவி கிருபாராணி கொதிக்க வைத்து உலர்த்திய பழைய வேட்டித் துண்டுகள் இருக்கின்றன. கதவிடுக்கில் ஒருவர் விரல் நசுங்கினால் உடனே நாலு பேர் புகையிலையையும் காப்பித் தூளையும் நீட்டுவார்கள். ஐசக் எல்லாரையும் விலக்கிவிட்டு முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுவார். மலை ரோட்டில் ஒரு பெண்ணுக்கு மூக்கில் ரத்தம் கொட்டியபோது, "தலைய மல்லாத்துங்க" என்று பஸ்ஸே கத்தியது. அவரோ அவளைக் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "மல்லாந்தா ரத்தம் தொண்டைக்குள்ள போவும்மா. வாயால மூச்சு வுடு, பயப்படாத." பயப்படாதே என்று சொல்லும்போது அவர் பார்வை மட்டும் ஜன்னல் பக்கம் இருக்கும். அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது.

எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். புளி நெஞ்சை அரித்துவிடும் என்று நம்பிப் பன்னிரண்டு மாதமும் ரசம் இல்லாமல் சாப்பிடுகிறவர். புளி மூட்டை ஏற்றினால் அதற்கு எதிர்ப் பக்கமாகப் போய் நின்றுகொள்வார். தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காடு தொடங்கும் இடத்தில் தினமும் படிக்கட்டில் நின்று கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுப்பார். புதிதாக ஏறியவர்கள் ஜெபம் செய்கிறார் என்று எண்ணிப் பேச்சைக் குறைப்பதும் உண்டு.

இருமல் கேட்டால் மட்டும் அவரால் சும்மா இருக்க முடியாது. டிக்கெட் கொடுத்தபடியே விசாரணை தொடங்கிவிடும். "எத்தினி நாளா? சாயங்காலம் ஆனா ஒடம்பு காயுதா? எளைச்சிட்டியா?" பதில் திருப்தியாக இல்லாவிட்டால், திரும்பும் வண்டியில் ஸ்டாப் இல்லாத இடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தி, "எறங்கு. சளியப் பாத்து சொல்லுவாங்க. காசு கேக்கமாட்டாங்க" என்று ஆளை இறக்கிவிடுவார். அப்படி இறங்கியவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வெறும் ஜலதோஷம். அவர்கள் மறுநாள் ஏறி, ஒரு நாள் வேலை கெட்டது என்று அவரைக் கிழிப்பார்கள். "நல்லதாப் போச்சுன்னு சந்தோசப்படு" என்று சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வார்.

ஒருத்திக்கு மட்டும் நிஜமாகவே இருந்தது. அஞ்செட்டிச் சந்தையில் கொள்ளும் ராகியும் விற்கிற நாராயணம்மா. டாக்டர் டி.பி. என்றார். அவள் ஐசக்கை ஒரு மாதம் சபித்துவிட்டு, பிறகு ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, உடம்பு தேறி, பழையபடி மூட்டையோடு பஸ் ஏறினாள். அவள் வாய்தான் இந்தக் கதையைத் திருப்பியது.

பஸ்ஸை ஓட்டுகிறவர் தீர்த்தகிரி. ஐசக்கைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இருவரும் ஒன்பது வருஷமாக ஒரே வண்டி. இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தால் ஐசக் வாயைத் திறக்குமுன் தீர்த்தகிரியின் கால் பிரேக்கில் இருக்கும். கூட்டம் குறைந்ததும் ஐசக் முன்னால் போய் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்துகொள்வார். மலை ஏறி முடிகிறவரை பேச்சு ஓயாது.

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து தீர்த்தகிரி இருமிக்கொண்டிருந்தார். "டீசல் பொகை" என்றார். அப்புறம் "பீடிய மாத்திட்டேன், அதான்" என்றார். ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் ஐசக் இந்தச் சமாதானத்தை வைத்து அவரை ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பார். தீர்த்தகிரி சொன்னபோது, "பீடியக் குறைங்கண்ணா" என்றதோடு விட்டுவிட்டார். மாசியில் தீர்த்தகிரியின் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. ஐசக் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்ஜின் மூடிமேல் உட்காருவதை நிறுத்திப் பின் கதவோரம் இருந்துகொண்டார். இன்ஜின் சத்தத்தில் முன்னால் இருமுவது அங்கே கேட்காது.

ஏன் அப்படிச் செய்தார் என்று அவரையே கேட்டால், இரண்டு காரணம் சொல்வார். தீர்த்தகிரியின் மகளுக்குச் சிங்காரப்பேட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். டிரைவருக்கு டி.பி. என்று தெரிந்தால் முதலாளி வெளியே அனுப்பிவிடுவார். இவை இரண்டும் உண்மை. மூன்றாவது ஒன்றும் இருந்தது. இருபத்தைந்து வயதில் ஐசக் இரண்டு வருஷம் மதனப்பள்ளிப் பக்கம் மிஷன் சானடோரியத்தில் படுத்துக் கிடந்தவர். விலாவுக்குள் ஊசி விட்டுக் காற்றேற்றிய வைத்தியத்தை அனுபவித்தவர். பக்கத்துக் கட்டில்கள் காலியாவதைப் பார்த்தவர். குணமாகி வந்தபின் வேலை கேட்ட இடத்தில், "மஞ்சக் காமாலை இருந்துச்சுங்க, இப்ப நல்லாயிட்டேன்" என்று சொல்லித்தான் சேர்ந்தார். கிருபாராணி ஒருத்திக்குத்தான் நிஜம் தெரியும். ஊரார் இருமலைத் துரத்தித் துரத்திப் பிடிக்கிறவருக்கு, தன் அண்ணன்போல இருந்தவரின் இருமலைக் கேட்டால் அந்தக் கட்டில்கள்தான் கண்முன் வந்தன.

பங்குனியில் ஒரு சந்தை நாள். பஸ் நிறைய ஜனம். ஐசக் யாரோ ஒரு விறகுக்காரனைப் பிடித்து, "சாயங்காலம் காயுதா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நாராயணம்மா திரும்பினாள்.

"ஏம்ப்பா கண்டக்டரு, ஊர்ல எவன் இருமுனாலும் உனக்குக் கேக்குது. வண்டி ஓட்டற ஆளு காலைல இருந்து நெஞ்சக் கிழிச்சிக்கிட்டு இருமறாரே, அது கேக்கலியா?"

தீர்த்தகிரி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஐசக்கும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். இருவரில் யார் முதலில் கண்ணை எடுத்தார்கள் என்று தெரியவில்லை. விறகுக்காரன் மீதிச் சில்லறை கேட்டான். ஐசக் கொடுக்க மறந்து நின்றார்.

அஞ்செட்டியில் வண்டி திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். ஜனங்கள் இறங்கியதும் தீர்த்தகிரி வழக்கம்போல ஓடைக்கு முகம் கழுவப் போனார். ஐசக் பின்னாலேயே போனார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவலாங்கண்ணா."

"அந்தப் பொம்பள பேச்சக் கேட்டா? போய்யா."

"அந்தம்மா பேச்சு இல்ல. ரெண்டு மாசமா நானே பாத்துக்கிட்டுதான் இருக்கறேன். துணியில ரத்தம் வருதா?"

தீர்த்தகிரி தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டார். பிறகு, "வந்தா? வந்தா என்னா பண்ணச் சொல்ற?" என்றார். "சித்திரையில கல்யாணம் வெச்சிருக்கறேன். முடியட்டும், நீ சொல்ற எடத்துக்கெல்லாம் வரேன். அதுவரைக்கும் வாய மூடு. ஒடம்பு நல்லா இருக்கறவன் சுளுவா சொல்லிடுவான். படுறவனுக்குத்தான் தெரியும்."

"எனக்கும் இருந்துச்சுண்ணா."

"என்னா இருந்துச்சு?"

"இதேதான். ரெண்டு வருசம் கெடந்தேன். காமாலைன்னு சொன்னது பொய்."

கேட்டதும் தீர்த்தகிரி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நோய் இருக்கிறவர், நோய் போனவரைப் பார்த்து விலகி நின்றார். தான் செய்தது என்னவென்று அவருக்கே உறைத்தபோது ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதும் இருமல் வந்தது. ஐசக் நெடுநாளைக்குப் பிறகு அதை முழுசாகக் கேட்டார். இருமி முடிகிறவரை முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல எத்தினி பேரு ஏறுறாங்க. வூட்டுல புள்ளைங்க பக்கத்துல படுக்குது. கல்யாணம் முடியறவரைக்கும் அது காத்துக்கிட்டு இருக்குமாண்ணா?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்ததில் தீர்த்தகிரியின் சளியில் கிருமி இருந்தது. டாக்டர் ஒன்றரை வருஷக் கணக்குச் சொன்னார். சளியில் கிருமி போகிறவரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். முதலாளியிடம் சொல்லத் தீர்த்தகிரி தனியாகப் போகப் பயந்தார். இருவருமாக ஷெட்டுக்குப் போனார்கள். முதலாளி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"டி.பி. டிரைவர வெச்சிக்கிட்டு பஸ் ஓட்டுனா எவன்யா ஏறுவான்?" என்றார்.

"டி.பி. கண்டக்டர வெச்சிக்கிட்டு ஒம்பது வருசமா ஓட்டிக்கிட்டுதான் இருக்கீங்க மொதலாளி" என்றார் ஐசக்.

முதலாளி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். ஐசக்கின் மார்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "பொய் சொல்லியா சேந்த?" "ஆமாங்க. நெசத்தச் சொல்லியிருந்தா சேத்திருக்கமாட்டீங்க." கடைசியில் அவர் சொன்னது இதுதான்: டாக்டர் எழுதிக் கொடுத்தால் தீர்த்தகிரிக்கு மறுபடியும் அதே வண்டி. அதுவரை வேறு ஆள் ஓட்டட்டும். "நீ நாளைக்கு டூட்டிக்கு வந்துடு. அந்தக் காட்டு ரோட்டுக்கு உன்ன வுட்டா எவன் போறான்." அவர் வைத்த டம்ளரை மறுபடி எடுக்கவில்லை.

வீட்டில் கிருபாராணி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நல்லதாப் போச்சு. இனிமே தூக்கத்துல காமாலை காமாலைன்னு உளறமாட்டீங்க."

ஆனால் நல்லதாகவே எல்லாம் போய்விடவில்லை. ஷெட்டில் பேசியது ஊருக்குள் போயிற்று. சிங்காரப்பேட்டைக்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். தீர்த்தகிரி ஐசக்கோடு பேசுவதை நிறுத்தினார். அவர் மனைவி சரசம்மா மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டு, தட்டும் செம்பும் தனியாக வைத்துத் தூரத்திலிருந்து தள்ளிவிட்டாள். ஐசக் போய்ப் பார்த்தவர், கட்டிலை இழுத்துக் காற்றும் வெயிலும் படுகிற முற்றத்தில் போட்டார்.

"தட்டுல ஒண்ணும் இல்லம்மா. மூச்சுலயும் இருமல்லயும்தான் இருக்குது. இருமும்போது துணிய வெச்சுக்கச் சொல்லுங்க, அந்தத் துணியக் கொதிக்க வெச்சித் தொவைங்க. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயி ஒருதரம் காட்டிட்டு வாங்க. இவரு பக்கத்துல கொஞ்ச நேரம் ஒக்காந்து பேசுங்க, இப்பிடி வெளியில, காத்துல. பேச்சில்லாமக் கெடந்தா மருந்து ஏறாது." கடைசி வாக்கியத்தை எந்த டாக்டரும் சொல்லியிருக்கமாட்டார். அது மதனப்பள்ளிக் கட்டிலில் அவராகக் கற்றது.

மூன்றாவது மாதத்தில் தீர்த்தகிரிக்குக் காய்ச்சல் நின்றது, சதை பிடித்தது. வயிற்றை எரிக்கிற அந்த மருந்து எதற்கு என்று நிறுத்திவிட்டார். மாத்திரைகள் சாம்பல் குழியில் கிடப்பதைக் கண்டு சரசம்மா பஸ் ஸ்டாண்டுக்கே ஓடிவந்தாள். மறுநாளிலிருந்து காலை வண்டிக்குப் போகுமுன் ஐசக் அவர் முற்றத்தில் வந்து நின்றார். "வாயத் தெறங்க." தீர்த்தகிரி முறைத்தார். "நோய் போவல. பதுங்கியிருக்குது. நடுவுல வுட்டா அடுத்த தடவ இந்த மருந்துக்கு அடங்காது." தீர்த்தகிரி வாயைத் திறந்து விழுங்கி, விழுங்கிவிட்டதற்கு நாக்கை நீட்டிக் காட்டினார். பேசவில்லை. அவ்வளவுதான். ஐசக் போய்விடுவார். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மாதங்கள் இப்படியே போயின. ஐப்பசி மழையில் ஒரு காலை, நனைந்துகொண்டு நின்ற ஐசக்கைப் பார்த்துத் தீர்த்தகிரி, "கொடை கெடையாதா உனக்கு?" என்றார். சரசம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இரண்டு டம்ளர் காப்பி எடுத்துக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் ஐசக்கின் பாடு வேறு. "கண்டக்டருக்கே அந்த வியாதியாம்" என்ற பேச்சு கெலமங்கலத்தில் ஏறி அஞ்செட்டியில் இறங்கியது. காசைக் கையில் கொடுக்காமல் ஸீட்டின்மேல் வைத்தார்கள். டிக்கெட்டை நுனி பிடித்து வாங்கினார்கள். சிலர் அவர் பக்கம் வந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். "எனக்கு இல்லீங்க, போயி வருசம் பன்னெண்டாச்சு" என்று முதல் சில நாள் சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டு, ஸீட்டில் வைத்த காசைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்தார். ஒரு வேடிக்கையும் நடந்தது. அவர் சுருட்டுவதற்கு முன்பே படுதாக்களை ஜனங்களே சுருட்டிக்கொண்டார்கள். நாராயணம்மா ஒருத்தி மட்டும் காசை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பாள்.

மறு வருஷம் மாங்காய்ப் பருவத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மருந்து இன்னும் பாக்கி, ஆனால் சளியில் ஒன்றும் இல்லை, வண்டி ஓட்டலாம். தீர்த்தகிரி ஸீட்டைத் துடைத்து உட்கார்ந்தார். மகளுக்கு இன்னும் இடம் அமையவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. பேசவேண்டிய மற்றதெல்லாம் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள்.

அவர் திரும்பி வந்த வாரமே ஒரு மத்தியானம், கெலமங்கலத்தில் வண்டி நின்றது. மூச்சு முட்டும் கூட்டம். பஸ் ஸ்டாண்டில் வளையல் கடை வைத்திருக்கும் முனவர் பேகத்தின் மருமகள் அதியா இறங்கவேண்டும். பேச்சுகள் எல்லாம் முதலில் வந்து சேர்கிற கடை அது; கண்டக்டரைப் பற்றிய பேச்சும் அங்கே எப்போதோ வந்திருந்தது. ஒரு கையில் தகரப் பெட்டி, தோளில் மூட்டை, இன்னொரு கையில் தூங்குகிற குழந்தை. படியில் காலை வைக்க வழியில்லை. பக்கத்தில் நின்றவர் குழந்தைக்காகக் கை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் பார்த்து, "கண்டக்டர் அண்ணா, இத கொஞ்சம் புடிங்க" என்று ஐசக்கிடம் நீட்டினாள்.

ஐசக் அசையவில்லை. தன்னைத்தான் சொல்கிறாளா என்று பார்த்தார். "புடிங்கண்ணா, கை வலிக்குது" என்றாள் அதியா. அவர் டிக்கெட் கட்டையும் பையையும் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் பெட்டியை இறக்கி, மூட்டையை இறக்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். முன்னாலிருந்து தீர்த்தகிரி, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று ஹாரனை அழுத்தினார். குழந்தையின் ஒரு காது ஐசக்கின் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. இன்னொரு காதை அவர் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.